இது எந்த பேட்ச்? கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க சாமி!

டிஸ்கி: இது யாரையும் தனிப்பட்ட முறையில் தாக்கும் பதிவு அல்ல. மொத்தமாகத் தாக்கும் பதிவு :-)

பேட்ச் என்றதும் "நான் 2019 பேட்ச், மெக்கானிக்கல்" என்று கிளம்பிவிடாதீர்கள் மக்கா. நான் சொல்வது விமானப்படைக்காரர்கள் ஓவரால்ஸில் நெஞ்சுப் பக்கமும் தோள் பக்கமும் தைத்துக்கொள்ளும் துணிச் சின்னம். ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் ஒரு எண், ஒரு பட்டப்பெயர், ஒரு படம். இதில் பழசைத் தேடிச் சேர்க்கிற கூட்டம் ஒன்று உண்டு, அதில் நானும் ஒருத்தன். தபால்தலை, தீப்பெட்டிப் படம் மாதிரி இதுவும் ஒரு கிறுக்கு. கிறுக்கு இருந்துட்டுப் போகட்டும். கயிறு திரிக்கிறதைத்தான் தாங்க முடியல.

சரக்கு இப்படித்தான் வரும்: முன்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. "உளுந்தூர்பேட்டை ரன்வே பக்கம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானியுடையது." கீழே நாற்பது பேர் சல்யூட். ஒருத்தராவது "எப்படிங்க தெரியும்?" என்று கேட்டிருக்கணுமே. ம்ஹூம்.

உளுந்தூர்பேட்டையில் அந்தக் காலத்து ஓடுதளம் இருப்பது நிஜம். 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிகிற வரைக்கும் அது எங்க விழுப்புரம் மாவட்டம்தான். ஆனால் அந்தப் போரில் பிரிட்டிஷ் ராயல் ஏர் ஃபோர்ஸ்காரர்கள் சீருடையில் ஸ்குவாட்ரன் சின்னத்தைத் தைத்துக்கொள்கிற வழக்கமே கிடையாது. நெஞ்சில் இறக்கை, கையில் பதவிப் பட்டை, அவ்வளவுதான். அப்போது வண்ணவண்ணமாக ஜாக்கெட்டில் தைத்துக்கொண்டு திரிந்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய சீன-பர்மா-இந்தியா சின்னத்தை இந்தியத் தையல்காரர்களே ஜரிகை வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். ஆக, பளபளவென்று மெஷின் எம்ப்ராய்டரி போட்ட "1944 ராயல் ஏர் ஃபோர்ஸ் பேட்ச்" என்று யாராவது நீட்டினால் முதல் வேலை, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.

அடுத்தது எண் கூத்து. "5-வது ஸ்குவாட்ரன், இந்திய விமானப்படை, பர்மா போர்முனை" என்று ஒன்று சுற்றுகிறது. போர் முடிந்தபோது நம்ம விமானப்படையில் இருந்தது 9 ஸ்குவாட்ரன். 1, 2, 3, 4, அப்புறம் நேராக 6-லிருந்து 10 வரை. 5 கிடையாது! இந்தியாவின் 5-வது ஸ்குவாட்ரன் பிறந்ததே 1948 நவம்பரில், லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களோடு. பர்மாவில் இருந்த 5 பிரிட்டிஷ்காரனுடையது. அவன் எண் வேற, நம்ம எண் வேற. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதிக் கதை செத்துவிடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச எண் 45. பிரிட்டிஷ் 45-வது ஸ்குவாட்ரன் 1945-ல் மஸ்கிட்டோ விமானங்களோடு நம்ம சோழவரத்திலும் பரங்கிமலையிலும் இருந்தது. அதன் சின்னம் இறக்கை வைத்த ஒட்டகம். இந்திய 45-வது ஸ்குவாட்ரன் 1959-ல் வேம்பயர் விமானத்தோடு தொடங்கியது, பட்டப்பெயர் 'பறக்கும் குத்துவாள்'. அது தேஜஸ் வாங்கி 2018-ல் சூலூருக்கு வந்தது. ஒரே எண், ரெண்டு நாட்டுப் படை, ரெண்டும் தமிழ்நாட்டு மண்ணில் இருந்தவை! எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "எங்க ஊர்க்காரங்க" என்று கொண்டாடுகிற ஆசாமிக்கு ஒட்டகம் கண்ணில் படவே படாது.

சரி, எண்ணும் படையும் சரியாக இருந்தால் காலம் தெரிந்துவிடுமா? அதுவும் இல்லை. 18-வது ஸ்குவாட்ரனை எடுத்துக்கோங்க, 'பறக்கும் தோட்டா'. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானத்தில் நேட் விமானத்தில் தனியாக மல்லுக்கட்டி உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் செகோன் இந்த ஸ்குவாட்ரன்தான். விமானப்படையில் பரம்வீர் சக்ரா வாங்கிய ஒரே ஆள். அப்புறம் அதே ஸ்குவாட்ரன் மிக்-27 ஓட்டியது, 2016-ல் மூடப்பட்டது, 2020 மே 27-ல் சூலூரில் தேஜஸோடு திரும்ப உயிர் பெற்றது. சின்னம் அதே சின்னம். போன வருஷம் கோயம்புத்தூரில் தைத்ததையும் 'பறக்கும் தோட்டா, செகோன் காலத்துது' என்று விற்கலாம். விற்கிறார்கள். தஞ்சாவூர் 222-ம் அப்படித்தான். 1969-ல் சுகோய்-7 வைத்துத் தொடங்கியது, 2020 ஜனவரியில் பிரம்மோஸ் ஏந்தும் சுகோய்-30 உடன் தஞ்சாவூருக்கு வந்தது. சின்னத்தோடு விமானத்தின் நிழலுருவமும் தைத்திருந்தால் பிழைத்தோம்.

கிரீடத்தைப் பார் என்பார்கள். உண்மைதான், குடியரசான பிறகு நம்ம சின்னங்களில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் ஏறியது. பிரிட்டிஷ் சின்னத்தில் கிரீடத்தின் வளைவு உருண்டையாக இருந்தால் ராஜா காலம், நடுவில் பள்ளமாக இருந்தால் ராணி காலம் என்று ஒரு வாய்ப்பாடு. அந்த வாய்ப்பாட்டுக்கும் 2022-ல் வேட்டு. சார்ல்ஸ் வந்து பழைய உருண்டை வடிவத்தையே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

அதனால்தான் தலைகீழாக நின்று கத்துகிறேன்: திருப்பிக் காட்டுங்கய்யா! பின்பக்கம் பொய் சொல்வது கஷ்டம். பாபின் நூல் எப்படி ஓடியிருக்கு, கையால் தைத்ததா, பிளாஸ்டிக் பூச்சு இருக்கா, ஓரம் வெட்டி மடித்ததா, இல்லை கெட்டியாக ஓவர்லாக் மாதிரி சுற்றியதா (அந்த ஓரம் 1960-களுக்கு அப்புறம்தான் பரவலானது). வெல்க்ரோ ஒட்டியிருந்தால் உலகப் போர் பேச்சே எடுக்காதீங்க, அதற்குக் காப்புரிமை கிடைத்ததே 1950-களில். கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கில் பிடித்தால் புது நூல் பளிச்சென்று ஒளிரும் என்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் வீட்டில் பாட்டி அதை சோப்புத்தூளில் ஒரு தடவை அலசியிருந்தால் 1950 நூலும் ஒளிரும். நம்ம ஊர்ப் பாட்டிகள் எதைத்தான் அலசாமல் விட்டார்கள்!

இதுவரைக்கும் சொன்னது தொழில்நுட்பம். என் கோபம் வேற இடத்தில் இருக்கு.

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டுத் தாத்தா விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்து சார்ஜென்டாக ரிட்டயர் ஆனவர். இப்போ இல்லை. ட்ரங்க் பெட்டியில் அவருடைய ஓவரால்ஸ் இருந்தது. சேகரிப்பாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தர் வந்தார். பிளேடு வைத்து ரெண்டு சின்னத்தையும் அறுத்து எடுத்துக்கொண்டு, பாட்டி கையில் ஐநூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் பார்த்தபோது துணி முழுக்க வெளுத்திருந்தது, அறுத்த இடம் மட்டும் சாயம் மங்காமல் வட்டமாகத் தெரிந்தது. அந்த வட்டத்துக்கு மேலே தாத்தாவின் பெயர்ப் பட்டி அப்படியே இருந்தது. அது விலை போகாதாம்!

ரெண்டு மாசம் கழித்து அதே சின்னம், "1971 போர் விமானியின் அரிய சின்னம்" என்று விற்பனைக்கு வந்தது. நூல் பிரிந்த இடத்தை வைத்து எனக்கு அடையாளம் தெரிந்தது. "அவர் விமானி இல்லீங்க" என்று எழுதினேன். "ஃபிட்டர்னு போட்டா யாரு வாங்குவா பாஸ்" என்று பதில்.

இதுதான் மேட்டர். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து விமானப்படைக்குப் போனவர்களில் பெரும்பாலானவர்கள் விமானிகள் இல்லை. எஞ்சின் பார்த்தவர்கள், ஏர்ஃப்ரேம் பார்த்தவர்கள், ரேடியோ பார்த்தவர்கள். நேட் விமானம் தானாகவா மேலே போச்சு? ஆனால் நம்ம கும்பலுக்கு ஹீரோ வேணும், அதனால் அவரைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் பெயர் இல்லாத ஒரு பைலட்டை உட்கார வைக்கிறோம். கமிட் ஹிஸ்டரியை அழித்துவிட்டு 'இந்த கோடு யார் எழுதினது' என்று மீட்டிங் போடுவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியல.

"அறுக்காட்டி அது பாத்திரக்காரர்கிட்ட போயிருக்கும், நாங்கதான் காப்பாத்துறோம்" என்கிறார்கள். இந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு, மறுக்கல. பழைய துணிக்கு எவர்சில்வர் வாளி வாங்குகிற ஊர்தான் நம்முது. ஆனால் வாளி கொடுக்கிறவர் அதை வைத்துக் கதை விடுவதில்லை, பழைய துணி என்றே சொல்லித்தான் எடுத்துக்கொண்டு போகிறார். காப்பாற்றுகிறவர் என்றால் ஓவரால்ஸோடு வாங்கு. பெயர்ப் பட்டியோடு வாங்கு. முடியலையா, அறுப்பதற்கு முன்னாடி ஒரு போட்டோ எடு. அதே பெட்டியில் டிஸ்சார்ஜ் புக் இருக்கும், ஸ்குவாட்ரன் குரூப் போட்டோ இருக்கும், கீழே பலகையில் வருஷம் எழுதியிருக்கும். கல்யாணமான புதுசில் எழுதின இன்லண்ட் லெட்டர் கட்டு இருக்கும், அதில் யூனிட் பெயரும் 56 ஏ.பி.ஓ. முகவரியும் முத்திரைத் தேதியும் இருக்கும். லெட்டரைப் படிக்காதீங்க, முகவரிப் பக்கம் போதும். அந்த ஒரு பக்கம் உங்க ஊதா விளக்கை விட நூறு மடங்கு பேசும்.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி பக்கத்து மக்களுக்கு: உங்க வீட்டுப் பெட்டியில் இப்படி ஏதாவது இருந்தால் துவைக்க வேண்டாம், அயர்ன் பண்ண வேண்டாம், பிரிக்க வேண்டாம். முன்பக்கம் ஒரு போட்டோ, பின்பக்கம் ஒரு போட்டோ, போட்டிருந்தவர் பெயர், என்ன வேலை பார்த்தார், எந்த ஊரில். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க. பிளேடோடு யாராவது வந்தால், என்ன விலை சொன்னாலும், முதலில் காபி கொடுத்து உட்கார வைத்து "எங்க தாத்தா என்ன வேலை பார்த்தார்னு தெரியுமா?" என்று கேளுங்க.