இடைச்சக்கரம்

எங்கள் வீட்டு பிக்-அப் வண்டியின் நீளம் 33 சென்டிமீட்டர். இரண்டு வருடங்களுக்கு முன் மகனின் பிறந்த நாளுக்கு வாங்கியது. டொயோட்டா ஹைலக்ஸின் சாயல். 5,325 மில்லிமீட்டர் நீளமுள்ள அசல் வண்டியைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கினால் இந்த நீளம்தான் வரும். ரிமோட்டில் ஓடும். நான்கு சக்கரங்களும் இழுக்கும். பின்தட்டில் ஒரு தேங்காயை வைத்தாலும் வாசல் சரிவில் ஏறிவிடும். ஏறிக்கொண்டும் இருந்தது. போன மாதம் கரகரவென்று ஒரு சத்தம். அதன் பிறகு மோட்டார் மட்டும் சுழன்றது, வண்டி நகரவில்லை.

"புதுசே வாங்கிடலாமே அப்பா" என்றான் மகன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. கெட்டுப்போனால் புதிது என்பதுதான் அவனுக்குத் தெரிந்த உலகம். செல்போன், ஹெட்போன், கைக்கடிகாரம் எதையும் நான் அவன் எதிரில் திறந்து காட்டியதில்லை. எனக்குச் சுருக்கென்றது.

திறந்து பார்த்தோம். மோட்டார் முனையில் இருக்கும் பினியனுக்கும் அச்சுப் பக்கத்துச் சக்கரத்துக்கும் நடுவில் நைலானில் ஒரு சின்னப் பல்சக்கரம். மூன்று பற்கள் மழுங்கிவிட்டன. இடைச்சக்கரம் என்று இதைச் சொல்லலாம். வேடிக்கையான உறுப்பு இது. எத்தனை பல் இருந்தாலும் வேக விகிதத்தை இது மாற்றாது. ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுப்பது மட்டுமே இதன் வேலை. ஆனால் இரண்டு பக்கத்தோடும் பொருந்தியாக வேண்டும். மொழிபெயர்ப்பில் வயிறு வளர்ப்பவனுக்கு அதன் மேல் ஒரு பாசம் வந்ததில் ஆச்சரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போனோம். டெல்லியில் மின்னணுச் சாமான்களுக்குப் பெயர்போன இடம். முதல் கடைக்காரர் உடைந்த சக்கரத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "பாகமெல்லாம் தனியா வராது சாப். வண்டியா எடுத்துக்கோங்க." மூன்று கடைகளில் இதே பதில். நான்காவது கடையில் ஒரு பெரியவர், இந்தியில் 'கராரி' என்று அழைக்கப்படும் பல்சக்கரங்களை ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து மேஜை மேல் கொட்டினார். எங்களுடையதன் மேல் வைத்துப் பார்த்தேன். அகலம் ஒன்றுபோல் இருந்தது. நாற்பது ரூபாய். வெற்றியோடு திரும்பினோம்.

வீட்டில் மாட்டிய மறு நிமிடம் காபிக்கொட்டை அரைப்பதுபோல் சத்தம் கேட்டது. அப்போதுதான் பற்களை எண்ணினேன். பழையதில் 20, புதியதில் 26. பல்சக்கரத்தில் வெளி அகலம் முக்கியமல்ல. பல்லின் அளவுதான் முக்கியம். அதை 'மாட்யூல்' என்கிறார்கள். கணக்கு எளிது. வெளி விட்டத்தை, பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். எங்களுடையது 11 மில்லிமீட்டர், 20 பல்: 11-ஐ 22-ஆல் வகுத்தால் 0.5. நான் வாங்கியது 11.2 மில்லிமீட்டர், 26 பல்: வகுத்தால் 0.4. பார்வைக்கு ஒன்று, பல்லுக்கு வேறு. அகராதியைப் பார்த்து வார்த்தைக்கு வார்த்தை வைத்தவனுக்குக் கிடைக்கும் அதே தண்டனை.

இது என் அவசரம். ஆனால் பாகம் கிடைக்காததற்கு அவசரம் மட்டும் காரணமல்ல. நமது சுங்க அட்டவணையின் 9503-ஆம் தலைப்பில் மூன்று சக்கர சைக்கிளும் பொம்மையும் புதிரும் அளவு சுருக்கிய மாதிரி வண்டியும் ஒரே கூடையில் இருக்கின்றன. 20 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 2020-இல் 60 ஆனது. 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரையும் கட்டாயம். உள்நாட்டுத் தொழில் வளரட்டும், குழந்தைகள் கையில் மட்டமான சாமான் போகாதிருக்கட்டும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் வண்டியை விற்பவர் அதன் பல்சக்கரத்தையும் விற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அந்த ஆண்டு முடிவதற்குள் ஓர் இணையவாசலையும் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதில் உண்டு. என் மகனின் வாகனம் அதில் சேராது.

முடியாத காரியமா இது? 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கிய ஜப்பானின் டாமியா நிறுவனம், 1981-இல் பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு டொயோட்டா பிக்-அப்பை விற்றது. மூன்று கியர்கள், உலோகச் சட்டம், அசல் லாரிபோல் பட்டை ஸ்பிரிங். எல்லாம் தனித்தனிப் பாகமாகப் பெட்டியில் வரும். நாம்தான் கோக்க வேண்டும். கையேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் உண்டு. தன் கையால் கோத்தவனுக்கு எது உடைந்தது என்று தெரியும். எண்ணைச் சொல்லிக் கேட்கவும் தெரியும். எங்கள் வண்டியோ ஓடத் தயாராக வந்தது. அதனாலேயே ஊமையாக நின்றது.

இரண்டாம் முறை போனபோது எண்ணிப் பார்த்து வாங்கினோம். 20 பல், 0.5. ஆனால் துளை 3 மில்லிமீட்டர். எங்கள் தண்டு 2 மில்லிமீட்டர். சக்கரம் தள்ளாடியது. நடுவில் ஒரு பித்தளைக் குழாய் வேண்டும். "பழைய ரேடியோ ஏரியல் இருந்தா அறுத்துப் போடுங்க" என்றார் பிஸ்கட் டப்பாப் பெரியவர். ஏரியலில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பித்தளைக் குழாய்கள் இருக்கும், முலாம்தான் வெள்ளை.

வீட்டில் ஒரே ஒரு ரேடியோதான் உண்டு. அப்பாவுடையது. அவர் போய் ஒன்பது வருடம். அது பாடுவதை நிறுத்தி அதற்கும் முன்பே பல வருடம். உயிரோடு இருந்தபோது அப்பா அதற்கு எத்தனையோ முறை பாகம் மாற்றியிருக்கிறார். பாண்டு மாற்றும் விசை வேறொரு ரேடியோவுடையது. பின்மூடியின் திருகு சைக்கிளுடையது. அறுக்கலாமா என்று ஓர் இரவு யோசித்தேன். மறுநாள் மகனிடம் ரம்பத்தைக் கொடுத்தேன்.

உள்ளே இருந்த மெல்லிய குழாய்கள் இரண்டில் நகக்கண் அளவுக்குத் துண்டு எடுத்தோம். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, அரத்தால் ராவி, துளையில் பொருத்தினோம். பல்லும் பல்லும் முட்டாமல் இருக்க நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்து மோட்டாரை நெருக்கி, திருகை முடுக்கி, பிறகு காகிதத்தை உருவிவிட வேண்டும். அந்தக் காகிதத்தின் தடிமன்தான் சரியான இடைவெளி. இதையும் பெரியவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

வண்டி ஓடுகிறது. தேங்காயோடு ஏறுகிறது. மகன் இப்போது என் மேஜை விளக்கைத் திறந்து வைத்திருக்கிறான். அது கெட்டுப்போகவில்லை என்பது வேறு விஷயம்.

விடுமுறைக்கு ஊரிலிருந்து அம்மா வருகிறார். ஏரியல் ஏன் குட்டையாக இருக்கிறது என்று கேட்பார். வண்டியை அவர் காலடிக்கு ஓட்டிவிடச் சொல்லி மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.