முதுவேனிற் பாட்டு

ஆனியும் ஆடியும் முதுவேனில் என்று நம் முன்னோர் வகுத்தனர். தமிழ்க் கவிதையில் இப்பருவத்தின் சுவையை நாடுவோர் பாலைத்திணைக்கே செல்லவேண்டும். கோடை கழிந்த வயல்களைக் கண்டு 1819-ஆம் வருஷம் செப்டம்பரில் ஆங்கிலக் கவி கீட்ஸ் பாடிய பாட்டைக் கலாசாலையில் நெட்டுருப் போட்டவர்கள் நம் நேயர்களில் பலர் இருப்பர். அங்கே கோடையின் முடிவு கனிவு. நம் கவிகள் கண்ட முதுவேனிலிலோ சுனை வற்றும்; மூங்கில்கள் உரசித் தீப்பற்றும்; கள்ளிக்காய் வெடிக்கும். இதில் ரஸிப்பதற்கு என்ன இருக்கிறது?

ஏராளம் இருக்கிறது. அகநானூற்றின் 400 பாட்டுக்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200-ம் பாலையே. வெயிலைப் பாடுவதற்காகவா இத்தனை பாட்டு? அன்று. பொருள் தேடி அவ்வெயிலில் நடப்பவன் ஒருவன்; வீட்டிலிருந்தபடியே அதை மனத்தில் காண்பவள் ஒருத்தி. சுடுவது அவன் கால். வேவது அவள் நெஞ்சு.

குறுந்தொகையின் 37-ஆம் பாட்டைப் பார்ப்போம். பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ என்னும் சேர அரசர். பிரிவால் வாடும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். அவர் அன்புடையவர், அருள்செய்வார் என்கிறாள். இது யாரும் சொல்லக்கூடிய சமாதானம். பிறகுதான் அவர் சென்ற வழியைக் காட்டுகிறாள். அங்கே ஓர் ஆண்யானை, பிடியின் பசி தீர்க்க யாமரத்தின் பட்டையை உரிக்கிறது. வறண்ட காட்டில் ஒரு மிருகம் தன் துணைக்காகப் படும் பாட்டைக் கண்டவன் வீட்டை மறப்பானா? கவி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. யானையைக் காட்டியதோடு நிறுத்திவிட்டார். அரசாண்டவர் ஒருவருக்கு இவ்வளவு அடக்கம் வாய்த்தது ஆச்சரியமே!

பொதுக்காரியத்தில் இறங்கியோருக்குக் கவிதை எதற்கு என்று வாதிக்கும் நண்பர்கள் உண்டு. அவ்வாதத்தை நாம் ஒப்பவில்லை. மாநாடு, ஊர்வலம், பிரசாரம் என்று மாதக்கணக்கில் ஊர் ஊராய்ச் சுற்றுவோர் அவர்களே. தம் பிரயாணத்தின் கஷ்டங்களை மேடையில் நிரம்பப் பேசுவோரும் அவர்களே. வாசலைப் பார்த்திருப்பவளின் கஷ்டத்தைப் பேசியவர் எவரையும் நாம் கேட்டதில்லை. பாலைப் பாட்டுக்களிலோ பல இடங்களில் அவளே பேசுகிறாள். அவள் வாய் திறவாத இடத்தில் தோழி பேசுகிறாள். இக்குரலைக் கேட்கவேண்டியவர் வீட்டைவிட்டுப் போகிறவரேயன்றி வேறு யார்?

குறுந்தொகையை மகாமகோபாத்தியாய சாமிநாதையர் 1937-இல் உரையுடன் வெளியிட்டார். பாட்டுக்கள் பெரும்பாலும் எட்டடிக்கு மேற்போகா. அடுத்த கூட்டத்திற்குப் புறப்படுகையில் ஒரு பிரதியைப் பையில் வைத்துக்கொண்டால், ரயில் வருவதற்குள் பத்துப் பாட்டுப் படித்துவிடலாம்.