7 பேருக்கு சீட் உண்டு... பெட்டிக்கு?

முட்டம் லைட்ஹவுஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய் நின்றால் போதும். தாத்தா, பாட்டி, மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு கல்யாண வீடே ஒரு காரில் இருந்து இறங்கும். இப்போது எல்லோருக்கும் 7 சீட் கார் மோகம்!

அந்த வரிசையில் கம்பீரமாக நிற்கும் கார் டாடா சபாரி. 1998-ல் வந்த பெயர். ஆனால் பெயர்தான் பழசு. ஆள் புதுசு!

பழைய சபாரி, லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் பாடி கட்டிய வண்டி. 2012-ல் வந்த சபாரி ஸ்டார்மில் கடைசி சீட்டுகள் பக்கவாட்டில் இருந்தன. எதிரும் புதிருமாக, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும்.

2021-ல் எல்லாம் மாறியது. தனிச் சட்டம் போச்சு. பின் சக்கர இழுவை முன் சக்கரத்துக்கு வந்தது. கடைசி வரிசை ரோட்டைப் பார்த்துத் திரும்பியது. 2023 அக்டோபரில் முகமும் மாறி, எல்லா மாடலிலும் 6 ஏர்பேக் வந்தது.

பலன்? 2023 டிசம்பரில் பாரத் என்கேப் வெளியிட்ட முதல் மோதல் சோதனை முடிவிலேயே 5 நட்சத்திரம்! பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32-க்கு 30.08 மார்க். குழந்தைகள் பாதுகாப்புக்கு 49-க்கு 44.54. சபாஷ் போட வேண்டியதுதான்.

பொம்மை எங்கே இருந்தது?

ஆனால் ஒரு விஷயம். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரை மோதவிடுகிறார்கள். முன் சீட்டில் 2 பெரிய பொம்மைகள். நடு வரிசையில் 2 குழந்தைப் பொம்மைகள். அதுவும் குழந்தைகளுக்கான தனி சீட்டில் வார் போட்டு! கடைசி வரிசையில் ஆளும் இல்லை, பொம்மையும் இல்லை.

இனி நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். மகன் வளைகுடாவில் இருந்து லீவில் வருகிறான். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு அழைக்கப் போவது 6 பேர். திரும்பும்போது 7 பேர். கூடவே பெரிய பெட்டிகள் மூன்று.

கடைசி வரிசையை நிமிர்த்தி வைத்தால் பின்னால் சின்னப் பைகள்தான் போகும். மடக்கினால் பெட்டி ஏறும். ஆனால் 2 ஆள் போச்சு!

அப்புறம் என்ன நடக்கும்? “பிள்ளைய மடியில வச்சுக்க மக்களே, ஒரு மணி நேரந்தானே!”

இங்கேதான் ஆபத்து. மோதலில் மடியில் இருக்கும் பிள்ளையைக் கையால் பிடித்து நிறுத்த எந்தத் தாயாலும் முடியாது.

2022 செப்டம்பர் 4-ந் தேதி டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரா பால்கரில் நடந்த விபத்தில் பலியானார். அதுவும் விலை உயர்ந்த கார்தான். பின் சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். அவர்கள் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். முன் சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள்.

பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம் என்பது சட்டம். எத்தனை பேர் போடுகிறார்கள்?

பாட்டியைக் கூட்டிப் போங்கள்!

வாங்க நினைப்பவர்கள் ஷோரூமுக்குத் தனியாகப் போக வேண்டாம். பாட்டியை நடு சீட்டிலும், வளர்ந்த பையனைக் கடைசி வரிசையிலும் உட்கார வையுங்கள். பெட்டிகளையும் ஏற்றிப் பாருங்கள். இடம் போதாதா? ஏர்போர்ட்டுக்கு அழைக்கப் போகும் ஆளைக் குறையுங்கள். பிள்ளையை மடிக்கு மாற்றாதீர்கள்.

இன்னொன்று. பெரிய வண்டியாச்சே என்று கடற்கரை மணலில் இறக்க வேண்டாம். முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. சிக்கினால் வள்ளம் தள்ளும் ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும்!

சபாரி நல்ல கார். 5 பேருக்குத் தாராளம். 7 பேருக்குச் சமாளிக்கலாம். ஆனால் 5 நட்சத்திரமும் பெல்ட் போட்டவருக்குத்தான். மடியில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது!