பேனா விழுங்கிய ஒரு வரி



ஒரு வியாபாரி தன் கணக்குப் புத்தகத்தில் பற்றை மட்டும் எழுதி, வரவை எழுதாமல் விட்டால் அவனை என்னவென்று சொல்வீர்கள்? அவன் எழுதிய பற்று அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அது பொய்க் கணக்குதான்! கடைத்தெருவில் அவனை யாரும் நம்பமாட்டார்கள்.

இதே காரியத்தை ஒரு காவல்துறை அதிகாரி செய்தால்? கணக்கில் காணாமல் போவது பணமாக இல்லாமல், ஒரு மனிதனின் உயிராக இருந்தால்?

எங்கோ நடந்த கதையல்ல இது. நம் பூந்தமல்லியில் நடந்த வழக்கு!

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். உடனிருந்த பலரும் மாண்டார்கள். அந்தப் படுகொலையை நியாயப்படுத்த யாராலும் முடியாது. அடுத்த மாதமே பேரறிவாளன் கைதானார். அப்போது அவருக்கு வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பதுதான் அவர் மீது சுமத்தப்பட்ட முக்கியக் குற்றச்சாட்டு.

காவல்துறையிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உள்ள சட்டம். தடா சட்டத்தின் 15ஆவது பிரிவு அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. எஸ்.பி. நிலையில் உள்ள அதிகாரி எழுதிக்கொண்டால் போதும், அதுவே சாட்சியம் என்றது. பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதியவர் சி.பி.ஐ. எஸ்.பி. வி. தியாகராஜன்.

1998 ஜனவரி 28. பூந்தமல்லி தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், இது தடா குற்றமே அல்ல என்றது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லும் என்றது! 4 பேருக்குத் தூக்கு உறுதியானது. அவர்களில் பேரறிவாளனும் ஒருவர்.

தாமதமாக விழித்த மனசாட்சி

2013 நவம்பரில், ஓய்வு பெற்றிருந்த தியாகராஜன் ஓர் ஆவணப்படத்தில் வாய் திறந்தார். பேட்டரி எதற்காக என்பது தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னாராம். அந்த வரியைத்தான் அதிகாரி எழுதவில்லை. எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலமாக இருந்திருக்காதே! 2017இல் உச்ச நீதிமன்றத்திலும் இதைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தார்.

அவர் பேசியதே பெரிது. வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேரோ! ஆனால் 22 ஆண்டுகள் கழித்து விழித்த மனசாட்சியால் போன இளமையைத் திருப்பித் தர முடிந்ததா? 2022 மே 18 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அப்போதும் இந்த விழுங்கிய வரிக்காக அல்ல. விடுதலைப் பரிந்துரை மீது ஆளுநர் முடிவெடுக்காமல் இழுத்தடித்ததற்காக!

உடனே பேசிய ஒரு பெண்

இதற்கு நேரெதிரான காட்சியையும் பாருங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்பேசிக் கடை நடத்திய ஜெயராஜ், பென்னிக்ஸ் எனும் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடித்து நொறுக்கப்பட்டு, சிறைக்கு அனுப்பப்பட்டு உயிரிழந்தார்கள். சிறைக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் ஒருவர் சான்று தந்தார். நடுவர் ஒருவர் காவலில் வைக்க உத்தரவிட்டார். ஆளுக்கொரு கையெழுத்து!

அதே நிலையத்தில் பணியாற்றிய தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த நடுவர் பாரதிதாசனிடம் நடந்ததைச் சொன்னார். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை இருக்கிறது என்றார். பயம் இருந்தது. வேலை போகலாம், உயிரே போகலாம். ஆனாலும் கையெழுத்திட்டார். சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதை அந்தப் பெண் செய்து காட்டினார்!

நம் கேள்வி

இவற்றில் முஸ்லிம் பெயர் ஒன்றுகூட இல்லையே, நமக்கென்ன என்கிறீர்களா? தடாவில் 76,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் நம் இளைஞர்கள் எத்தனை பேர்! ஆவடி பஜாரில் பேட்டரி விற்கும் தம்பிக்கும், அம்பத்தூரில் சிம் கார்டு விற்கும் அண்ணனுக்கும் வாங்குபவன் மனதில் இருப்பது தெரியுமா? நாளை அவர்கள் சொல்லும் ‘எனக்குத் தெரியாது’ என்ற வார்த்தையை எந்தப் பேனா எழுதும்?

நல்ல அதிகாரி வருவார் என்று காத்திருப்பது நீதி அல்ல. தடா 1995இல் செத்தது. அந்த வாக்குமூலப் பிரிவோ மகாராஷ்டிராவின் மோக்கா சட்டத்திலும், குஜராத்தின் சட்டத்திலும் உயிரோடு நுழைந்தது. அதை எந்த மாநிலத்திலும், எந்தப் பெயரிலும் அனுமதிக்கக் கூடாது! காவல் நிலையங்களில் விசாரணை நடக்கும் அறைகளிலும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் பகுதி நிலையங்களில் அது ஓடுகிறதா? ஜமாஅத்தும் வியாபாரிகள் சங்கமும் ஆவடி ஆணையரகத்தில் கேட்கட்டும்!

இளைஞர்களே! விசாரணைக்கு அழைத்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள்; அது அரசியல் சட்டம் தந்த உரிமை. படிக்காத தாளில் கையெழுத்திடாதீர்கள். காவல்துறைக்கும் நீதித்துறைக்கும் நம் பிள்ளைகள் போக வேண்டும். போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: சொன்னதை முழுதாக எழுது. பார்த்ததை அன்றே சொல்!