நாய்க்கு வேண்டியது சங்கிலியா, சின்னக் கதவா?

மத்தியான வேளை. முக்கூடலில் ஒரு வீடு. மடியில் சுளகை வைத்துக் கொண்டு, ஒரு தாய் பீடி சுற்றுகிறாள். புறவாசல் கதவை நாய் பிராண்டுகிறது. அவள் சுளகை இறக்கி வைத்து விட்டு, எழுந்து போய்க் கதவைத் திறக்கிறாள். திரும்பி வந்து நாலு பீடி சுற்றுவதற்குள் மறுபடியும் பிராண்டும் சத்தம். வெளியே போன நாய்க்கு இப்பொழுது உள்ளே வர வேண்டுமாம்!

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் பீடி குறைகிறது. கூலியும் குறைகிறது.

"ஏ மூதி! ஒரு இடத்துல கெடக்க மாட்டியா?" என்று அவள் நாயைச் சங்கிலியில் கட்டி விடுகிறாள்.

அவள் மீது குற்றம் இல்லை. ஆனால் சங்கிலி நல்ல வழி அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

நாள் முழுவதும் கட்டிக் கிடக்கும் நாய் முரடாகிறது. காரணம் இல்லாமல் குரைக்கிறது. பக்கத்தில் வரும் குழந்தை மீதும் பாய்கிறது. நாயை எந்நேரமும் சங்கிலியில் கட்டி வைத்து, நடமாடவே விடாமல் இருப்பது குற்றம் என்று 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது.

அப்படியானால் என்ன செய்வது? புறவாசல் கதவின் அடியில் நாய்க்கு என்று ஒரு சின்னக் கதவு வைக்கலாம்.

இது புதிய யோசனை அல்ல. இங்கிலாந்தில் எக்சிட்டர் என்னும் ஊரில் ஒரு பெரிய மாதா கோவில் இருக்கிறது. அங்கே எலி பிடிக்கும் பூனை போய் வருவதற்காக, 1598-ம் ஆண்டில் கதவிலே ஓட்டை போட்டார்கள். தச்சருக்குக் கொடுத்த கூலி 8 பென்னி!

நம் வீட்டுக்கும் ஒரு தச்சர் போதும். ஓட்டையின் மேல் விளிம்பு, நாயின் தோளுக்கு 2 அங்குலம் உயரமாக இருக்கட்டும். அகலம், நாயின் உடம்பை விட 2 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். மேலே மட்டும் ஆணி அடித்து, தடித்த ரப்பர் தகட்டைத் தொங்க விட்டால் கதவு தயார்.

தள்ளாதீர்கள்!

கதவு வைத்து விடலாம். நாய் நுழைய வேண்டுமே! இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். நாயின் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளுகிறார்கள். நாய் மிரண்டு விடுகிறது. பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை.

தார்ண்டைக் என்ற அமெரிக்க அறிஞர், 1898-ம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார். அவர் பூனைகளையும் நாய்களையும் பெட்டியில் அடைத்து, வெளியே தீனி வைத்தார். கயிற்றை இழுத்தாலோ, கட்டையை மிதித்தாலோ பெட்டியின் கதவு திறக்கும். தாமாகவே முயன்ற பிராணிகள், தடவைக்குத் தடவை வேகமாக வெளியே வந்தன. காலைப் பிடித்துச் செய்து காட்டியதால் பயன் ஏற்படவில்லை.

ஆகவே, முதலில் ரப்பர் தகட்டை முழுவதும் தூக்கிக் கட்டி விடுங்கள். ஒருவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து, கருவாட்டுத் துண்டைக் காட்டிக் கூப்பிடட்டும். நாய் வந்ததும் துண்டைக் கொடுத்து, தட்டிக் கொடுக்கட்டும். பயமில்லாமல் போய் வரத் தொடங்கியதும், தகட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். தகடு முதுகில் உரசிப் பழகட்டும். கடைசியில் முழுவதும் இறக்குங்கள். தினமும் சில நிமிடங்கள் போதும். மிரண்டால் முந்திய படிக்குத் திரும்புங்கள். அடிக்கவே கூடாது.

"பாம்பு வராதா? திருடன் வர மாட்டானா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்! சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் சீமை நாய்கள் உயரமானவை. அவற்றுக்கு வைக்கும் ஓட்டையும் பெரிது. எனவே பொழுது சாய்ந்ததும் பலகையால் மூடித் தாழ்ப்பாள் போட வேண்டும். அந்தக் கதவு வேலி அடைத்த கொல்லைக்குத்தான் திறக்க வேண்டும். தெருவுக்குத் திறக்கக் கூடாது. தெருவுக்குத் திறந்தால், நாய்க்கு லாரியால் ஆபத்து. ஊருக்கு நாயால் ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. இஷ்டம் போல வீட்டுக்குள் வரும் நாய், குழந்தை படுக்கும் பாய்க்கும் வரும். வெறிநாய்க்கடி நோய் கண்டு விட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆகவே குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை டாக்டரிடம் தடுப்பு ஊசி போட வேண்டும். அப்புறம் அவர் சொல்கிறபடி ஆண்டுதோறும் போட வேண்டும். நாய் கடித்து விட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி விட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் காலத்தைக் கடத்தக் கூடாது.

ஊசி போடாத நாய்க்குக் கதவு வைக்காதீர்கள். ஊசி போட்டு, பொறுமையாகப் பழக்கிய நாய்க்குச் சங்கிலி எதற்கு? அது தானாக வரும்; தானாகப் போகும். அந்தத் தாயும் மடியிலிருந்து சுளகை இறக்காமல் பீடி சுற்றலாம்.