யந்திரம் எழுதும் ஏடு

அண்மையில் பழைய கசெற் ஒன்றை எழுத்தில் வடிக்கும் பொறுப்பு எனக்கு நேர்ந்தது. இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் தம் வாழ்க்கை நினைவுகளைக் கூற, 1987 ஆம் ஆண்டில் அவருடைய மாணவர் பதிவுசெய்து வைத்த கசெற் அது. அவ்வம்மையார் இன்று நம்மிடை இல்லை. நாடாவும் நைந்துபோகும் நிலையில் இருந்தது. ஒரு மணிநேரப் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கையால் எழுதுவதாயின் நாள் முழுதும் செல்லும். ஆகவே ஒலியைக் கணினிக் கோப்பாக மாற்றி, பேச்சைத் தானாகவே எழுத்தாக்கித் தரும் இணையச் சேவை ஒன்றில் ஏற்றினேன். தேநீர் அருந்தி முடிப்பதற்குள் இருபது பக்கங்கள் ஆயத்தமாகிவிட்டன. யந்திரத்தின் ஆற்றலை எண்ணி வியந்தேன்.

அவ்வியப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்ட செய்தியை அம்மையார் கூறும் இடம் வந்தது. "கேட்ட உடனை வெளிக்கிட்டனான், நடந்துதான் போனனான்" என்கிறார் அவர். யந்திரம் எழுதியிருந்ததோ, "கேட்ட உடனே வெளியிட்டான், நடந்துதான் போனான்" என்று! யாரோ ஓர் ஆடவன் எதையோ வெளியிட்டுவிட்டு நடந்து போனதாகக் கதை மாறிவிட்டது. கண்ணாற் கண்ட சாட்சி தமது வாக்குமூலத்திலிருந்தே மறைந்துபோனார்.

இதனை எழுத்துப்பிழை என்று சிரித்து ஒதுக்கிவிடுதல் தகாது. 'போனனான்' என்பது யாழ்ப்பாணத்தார் தன்மையில் வழங்கும் வினை. 'போனான்' என்பது படர்க்கை. சிதைந்த சொல்லாயின் வாசிப்பவன் கண்ணில் உறுத்தும், அவன் ஐயுறுவான். இலக்கண சுத்தமாக அமைந்த பிழையை ஐயுறுவோர் யார்? மூல ஒலியைக் கேளாத ஒருவர் அப்பக்கத்தை ஆராய்ச்சிக் கட்டுரையிலே சான்றாகக் காட்டிவிட்டால், அப்பிழையே வரலாறாகிவிடும்.

இத்தகைய பிழை ஏன் நேர்கிறது? யந்திரம் நம்மைப்போற் செவிமடுப்பதில்லை. ஒலியும் அதற்குரிய எழுத்தும் இணைந்த பெருந்தொகையான பதிவுகளைக் கொண்டு பழக்கப்பட்ட அது, இவ்வொலிக்கு எச்சொல் பொருந்தும், இச்சொல்லின்பின் எச்சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகிறது. 2022 ஆம் ஆண்டில் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட 'விஸ்பர்' என்னும் மென்பொருள் 680,000 மணிநேரப் பதிவுகளாற் பயிற்றப்பட்டது. அவற்றுள் ஆங்கிலம் நீங்கலான 96 மொழிகளின் பேச்சை அந்தந்த மொழியிலேயே எழுதப் பயிற்றிய பதிவுகள், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 117,000 மணிநேரமே. அதிலே தமிழுக்குக் கிடைத்தது ஒரு கூறு. ஈழத்துப் பேச்சுக்கு எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். அரிதாகக் கேட்ட வடிவத்தைத் தள்ளி, பழகிய வடிவத்தை எழுதுவதே இத்தகைய யந்திரங்களுக்கு இயல்பு. தொல்காப்பியம் கூறும் மூன்று சுட்டுக்களுள் உகரச் சுட்டை இன்றும் நாவில் வைத்திருப்பவர்கள் நாம். அம்மையார் 'உவன்' என்று சொன்ன இடங்களில் எல்லாம் 'இவன்' என்றோ 'அவன்' என்றோதான் பக்கத்தில் இருந்தது.

இதனினும் பாரதூரமான குறை ஒன்றுண்டு. அமெரிக்க ஆய்வாளர் சிலர், ஆங்கிலப் பேச்சுப் பதிவுகளை விஸ்பரிடம் கொடுத்துச் சோதித்து, 2024 ஆம் ஆண்டில் தம் முடிபுகளை வெளியிட்டனர். நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பதிவில், எவரும் சொல்லாத சொற்றொடர்களையும் வாக்கியங்களையும் அது தானே புனைந்து எழுதியிருந்தது. அப்புனைவுகளுட் சில வன்முறையையும் கூறின. பேச்சுக்கிடையே நீண்ட மௌனம் உள்ள பதிவுகளிலும், பேச்சாற்றல் குன்றியோரின் பதிவுகளிலும் இது மிகுந்து காணப்பட்டது. முதியோரின் நினைவுகளைப் பதிவுசெய்யும் நமக்கு இது பெரியதோர் எச்சரிக்கை. தாங்கொணாத துயரத்தைச் சொல்ல வரும்போதன்றோ அவர்கள் வாயடைத்துப் போகிறார்கள்? அந்த மௌனத்தில் யந்திரம் தன் சொல்லைப் புகுத்திவிடக் கூடும்.

அங்ஙனமாயின் இதனை முற்றாக விலக்கிவிடலாமா? கூடாது என்பதே என் அபிப்பிராயம். கசெற்றுகள் நாளுக்குநாள் அழிகின்றன. உட்கார்ந்து எழுதுவோர் மிகச் சிலர். 2005 ஆம் ஆண்டிலிருந்து நம் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் சேர்த்துவரும் 'நூலகம்' போன்ற முயற்சிகளின் பயனை நாம் அறிவோம். நாடாவிலுள்ள பேச்சும் எழுத்துவடிவம் பெற்றாலன்றித் தேடுவார்க்கு அகப்படாது. பயன்படுத்துவதா விடுவதா என்பதன்று பிரச்சினை. யந்திரத்தின் எழுத்துக்கு என்ன மதிப்பு அளிப்பது என்பதே.

இதற்கு விடையை நம் பதிப்பு முன்னோடிகளிடமே காணலாம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏடு பெயர்த்தெழுதியோரும் தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றியவர்களே. அக்காலப் பதிப்பாசிரியர் எந்த ஏட்டையும் அவ்வாறே நம்பிவிடவில்லை. பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் தெரிந்தனர். யந்திரத்தையும் ஏடெழுதும் ஒருவனாகவே கொள்வோம். அப்பெரியோருக்குக் கிடையாத பேறு ஒன்று நமக்கு உண்டு. புலவன் கைப்பட எழுதிய ஏடு அவர்களுக்குக் கிட்டவில்லை. பேசியவரின் குரலே நம்மிடம் இருக்கிறது.

ஆகவே எழுத்துவடிவம் கிடைத்துவிட்டதென்று ஒலிக்கோப்பை எறிந்துவிடாதிருத்தல் முதற்கடமை. பேசியவரின் ஊர்வழக்கை அறிந்த ஒருவர் ஒலியைக் கேட்டு வரிக்குவரி ஒப்புநோக்க வேண்டும். விளங்காத இடத்தை விளங்கவில்லையென்றே குறித்தல் வேண்டும். பிறர் சாட்சியத்தை அந்நிய நிறுவனமொன்றின் கணினிக்கு அனுப்புமுன், பேசியவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ சம்மதம் பெறுவது முறை. ஆபத்து விளைக்கக்கூடிய பேச்சாயின், விஸ்பர் போன்றவற்றை நம் சொந்தக் கணினியிலேயே இயக்கலாம். ஒலி வீட்டைவிட்டு வெளியே போகவேண்டியதில்லை.

ஆசிரியப் பெருமக்கள் உயர்வகுப்பு மாணவரிடம் ஆளுக்கொரு கோப்பைக் கொடுத்து, யந்திரம் எழுதியதைத் திருத்தச் சொல்லலாம். இலக்கணமும் ஊர்வழக்கும் வரலாறும் ஒருங்கே கற்பிக்க இதனினும் நல்ல பாடம் வேறில்லை.

நான் அந்தக் கசெற்றோடு நான்கு மாலைகள் இருந்தேன். 'போனான்' என்பதை வெட்டி, 'போனனான்' என்று எழுதினேன். அம்மையார் அன்று நடந்துபோய்க் கண்டவை, இப்போது அவர் கண்டவையாகவே அப்பக்கத்தில் இருக்கின்றன.