டெல்லி போறீங்களா? யமுனையையும் ஒருமுறை பார்த்துட்டு வாங்க!

ஆபீஸ் வேலையோ, ஃபிரெண்ட்ஸோடு ட்ரிப்போ... டெல்லி என்றதும் செங்கோட்டை, இந்தியா கேட், குதுப் மினார் என லிஸ்ட் ரெடியாகிவிடும். அதில் யமுனை இருக்காது. 'அந்த நாத்தத்துல போய் என்ன பார்க்கிறது?' என்று கேட்பீங்க. அதற்காகவே போகணும் என்பதுதான் என் கருத்து.

ஷாஜகான் செங்கோட்டையைக் கட்டியபோது, அதன் சுவரை ஒட்டித்தான் யமுனை ஓடியது. பின்னர் ஆறு கிழக்கே விலகியது. இன்று அங்கே ரிங் ரோடு. ஆனால், 2023 ஜூலையில் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டு, 1978-ன் 207.49 மீட்டர் உச்சத்தைத் தாண்டியபோது, வெள்ளம் மறுபடியும் கோட்டைச் சுவர் வரை வந்தது.

எங்கே பார்க்கலாம்?

வடக்கே வசிராபாத், தெற்கே காளிந்தி குஞ்ச். இரண்டையும் ஒரே நாளில் பாருங்க. நடுவே சுமார் 22 கி.மீ. யமுனையின் மொத்த நீளமான 1,376 கி.மீ-ல் இது 2 சதவிகிதம்கூட இல்லை. ஆனால், ஆற்றில் சேரும் மாசில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த இடைவெளியில்தான் கலக்கிறது.

என்ன நடக்கிறது?

வசிராபாத் தடுப்பணையில் நகரத்தின் குடிநீருக்காகத் தண்ணீர் எடுக்கப்படுகிறது. அதைத் தாண்டியதுமே நஜஃப்கர் கால்வாய் சாக்கடையைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில், அதற்குக் கீழே ஓடுவதில் பெரும்பகுதி கழிவுநீர்தான். அதிலுள்ள டிடர்ஜென்ட்டும் பாஸ்பேட்டும் ஓக்லா தடுப்பணையில் விழுந்து கலங்கும்போது வெள்ளை நுரை பொங்குகிறது. சத் பூஜை சமயத்தில் அந்த நுரைக்குள் இறங்கி நின்று சூரியனைக் கும்பிடுகிறார்கள் மக்கள்.

சுத்தம் செய்யலையா?

யமுனா செயல் திட்டம் தொடங்கியது 1993-ல். சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை தேவைதான், ஆனால் போதாது. நல்ல தண்ணீரை எல்லாம் எடுத்துவிட்டுக் கழிவை மட்டும் விட்டால் அது எப்படி ஆறாகும்? ஆற்றுக்கென ஒரு பங்கு தண்ணீரையும் விடணும். 1994-ல் யமுனை நீரைப் பங்கிட ஒப்பந்தம் போட்ட ஐந்து மாநிலங்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி இது.

வருஷா வருஷம் நுரை போட்டோ வைரலாகும், நாமும் ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போவோம். அந்த போட்டோவில் நுரை தெரியும், அதற்குக் காரணமான 22 கி.மீ தெரியாது. காளிந்தி குஞ்சுக்கு மெட்ரோவே போகுது. அடுத்த டெல்லி ட்ரிப்பில் அரை நாள் ஒதுக்குங்க.